இருதய ஆண்டவர் பக்கத்தில் ஒரு இண்டர்காம்

ஸ்டெல்லா எழுந்து போய், பீடத்தின் மேல் இருந்த பெட்டியின் விசையைத் தள்ளினாள். டக் என்று ஒரு சத்தம். அடுத்து அவள் அப்பாவின் குரல் வர வேண்டும்.

நாங்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். என் நாத்தனார் லூர்து அக்கா, நான், மகள் ஸ்டெல்லா, மூவரும் கீழே நடு அறையில் முழங்காலில். என் கணவர் அருளப்பன் மாடி முன்னறையில், கட்டிலில். மாரடைப்பு வந்து தேறிக்கொண்டிருந்த மனிதர். ஜெபமாலையில் ஐந்து பகுதி உண்டு. ஒவ்வொரு பகுதியையும் 'பத்து' என்போம். எங்கள் வீட்டில் மூன்றாவது பத்து அவருடையது. அவர் மாடியில் தொடங்குவார், பெட்டி வழியாகக் குரல் கீழே வரும், நாங்கள் பதில் சொல்வோம்.

குரல் வரவில்லை. உஸ்ஸென்ற இரைச்சல் மட்டும் வந்தது.

நல்ல மழை பெய்து விட்டிருந்த சாயங்காலம். நடு முற்றத்தில் தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மெழுகுவர்த்தி வாடையும், முன்பக்கக் கிடங்கிலிருந்து ஈர வெங்காய வாடையும் கலந்து மூக்கில் ஏறியது.

"தூங்கிட்டான் போல. நீயே சொல்லு பிலோ, நேரமாகுது" என்றார் லூர்து அக்கா.

அந்த நிமிஷத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது, ஆண்டவர் பக்கத்தில் போய் எப்படி உட்கார்ந்தது என்று சொல்லாமல் மேலே போனால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

ஊரைக் கூட்டும் தொண்டை

என் கணவர் சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சரக்குச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவர். கிரேன் இரைச்சலுக்கு நடுவே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. வீட்டுக்கு வந்தாலும் அதே தொண்டைதான். உப்பு வேண்டும் என்று அவர் கேட்டால் பக்கத்து வீட்டுச் சீன அம்மா உப்பு ஜாடியை எடுத்து வைப்பார் என்று நான் கேலி செய்வேன். பங்குக் கோயிலில் பாட்டுக் குழுவில் சேர்கிறேன் என்று போனவரை, சாமியார் இரண்டே ஞாயிற்றுக்கிழமையில் காணிக்கைத் தட்டு எடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்.

எழுபதுகளில், எங்கள் வீட்டுக்குக் கறுப்பு வெள்ளை டிவி வந்த புதிதில், அந்தத் தொண்டைக்கு ஒரு வேலை கிடைத்தது. படம் புள்ளி புள்ளியாக விழும். இவர் கூரைக்கு ஏறி ஏரியலைத் திருப்புவார். நான் டிவி முன்னால். மாடிப்படி நடுவில் லூர்து அக்கா, சேதி கடத்த. "இப்பத் தெரியுதா?" என்று கூரையிலிருந்து அவர் கேட்பது எனக்கே நேராகக் கேட்கும். நான் சொல்லும் பதில்தான் அக்கா வழியாக ஏறிப் போக வேண்டும். அக்கா பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்வார். மலேசியா சேனல் தெளிவாகத் தெரியும்போது நாடகம் முடிந்து செய்தி ஓடிக்கொண்டிருக்கும்.

தேக்காவில் எங்களுடையது பழைய கடைவீடு. அகலம் ரொம்பக் குறைவு, நீளம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். கீழே முன்பக்கம் ஒரு மளிகைக் கடைக்காரரின் கிடங்கு. தரையிலிருந்து உத்தரம் வரை வெங்காய மூட்டை. அதற்குப் பின்னால் எங்கள் நடு அறை, அதை ஒட்டி வானம் பார்த்த முற்றம், கடைசியில் சமையலறை. படுக்கையறைகள் மாடியில். இவர் அறை தெருவைப் பார்த்து. அவ்வளவு தூரத்திலிருந்தும் "பிலோ, காப்பி!" என்று இவர் ஒரு குரல் கொடுத்தால் சமையலறையில் என் கைச் சட்டுவம் நழுவும்.

அந்த மனிதருக்குத்தான் குரல் போயிற்று.

வெண்கல மணி

எண்பதுகளின் நடுவில், தஞ்சோங் பகாரில் எம்.ஆர்.டி. ரயிலுக்குப் பெரிய பெரிய பள்ளமாகத் தோண்டிக்கொண்டிருந்த காலம். வேலை இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்து அனுப்பினார்கள். திரும்பி வந்தவரிடம் பாதி ஆள்தான் இருந்தது. இரண்டு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். மூன்றாவது வார்த்தை காற்றாக வரும்.

டாக்டர் ஒரு தமிழ்ப் பையன். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்: "ஆன்ட்டி, மாடிப்படி ஏறி இறங்கவே கூடாது. இன்னொரு அட்டாக் வரலாம். வந்தா எவ்வளவு சீக்கிரம் கொண்டு வர்றீங்களோ அதுலதான் எல்லாமே இருக்கு."

அந்தக் கடைசி வாக்கியம் என் காதுக்குள் குடியேறியது. எவ்வளவு சீக்கிரம். நான் இருப்பதோ வீட்டின் கடைசிக் கோடியில். இவர் வேலைக்குப் போகாததால் ஆபீஸ்காரர்களுக்குக் கேரியர் சாப்பாடு கட்டிக் கொடுக்கத் தொடங்கியிருந்தேன். காலையிலிருந்து அடுப்பு, கிரைண்டர், மிக்ஸி. மாடியில் ஒருவர் மூச்சுக்குத் திணறினால் அது எனக்கு எப்படித் தெரியும்?

லூர்து அக்கா கோயிலில் சொல்லிப் பழைய வெண்கல மணி ஒன்றை வாங்கிவந்து தம்பியின் தலைமாட்டில் வைத்தார். பூசையில் அடிக்கும் மணி. முதல் நாள் இவர் அதை ஆட்டியபோது கீழே வெங்காய லாரி வந்து நின்றது. மூட்டை இறக்குகிறவர்களின் சத்தத்தில் மணி போன இடம் தெரியவில்லை. தண்ணீருக்காகத்தான் ஆட்டியிருந்தார். நான் எதேச்சையாக மேலே போனபோது வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"அடிச்சேன் பிலோ" என்றார். குறை சொல்லவில்லை, தகவல் சொன்னார்.

நோ வயர்

ஸ்டெல்லாவுக்கு அப்போது பதினாலு வயது. அவள்தான் சொன்னாள், ஒரு தோழி வீட்டில் குழந்தை அழுவதைக் கேட்க ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள் என்று. இருவரும் சுங்கை ரோடு பக்கம் ஒரு மின்சாமான் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளைக் கண்ணாடி மேல் வைத்தார். ஒவ்வொன்றும் ஒரு ரொட்டி அளவு. "வயர்லெஸ் இண்டர்காம், ஆன்ட்டி. நோ வயர். சுவரில பிளக், தட்ஸ் ஆல் லா." ஆள் சீனர், தேக்காவில் பிறந்து வளர்ந்தவர், அவர் தமிழ் என் மகள் தமிழைவிட நன்றாகவே இருந்தது. "சத்தம் வீட்டு கரண்ட் வயர் உள்ளயே ஓடும். ஒன் பெர்சன் டாக், ஒன் பெர்சன் லிசன். ரெண்டு பேரும் சேம் டைம் பேசினா நோ குட்."

பட்டனை அமுக்கினால் பேசலாம்; விட்டால் கேட்கலாம். விரல் வலிக்காமல் இருக்க ஒரு விசையும் உண்டு. அதைக் கீழே தள்ளினால் பெட்டி பேசுகிற நிலையிலேயே நிற்கும். மேலே தள்ளினால் கேட்கிற நிலைக்குத் திரும்பும். இவ்வளவுதான் வித்தை. எனக்கு அன்றைக்கு அது தேவதூதர் கொண்டுவந்த சாமானாகத் தெரிந்தது.

அறை அறையாக

இப்போது புக்கிட் பாத்தோக் வீட்டில் என் பேரன் வைஃபை வரவில்லை என்று கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடக்கிறான். ஜன்னலோரம் நிற்கிறான், நாற்காலியில் ஏறுகிறான். இரண்டு கோடு வந்துவிட்டது, மூன்று கோடு வந்துவிட்டது என்று கத்துகிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவேன். எங்கள் குடும்பம் அந்த நடையை எப்போதோ நடந்து முடித்துவிட்டது.

அன்று ஒரு பெட்டியை இவர் தலைமாட்டில் செருகினோம். இன்னொன்றைச் சமையலறையில் செருகினேன். தேனீக்கூடு இரைகிற சத்தம்தான் வந்தது. டியூப் லைட்டை அணைத்துப் பார்த்தேன். ஃபிரிஜ்ஜை நிறுத்திப் பார்த்தேன். இரைச்சல் குறைந்தது, குரல் வரவில்லை.

"ஒன், டூ, த்ரீ" என்று ஸ்டெல்லா மாடியிலிருந்து பேச வேண்டும். நான் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பிளக்காகச் செருகிக்கொண்டே நகர வேண்டும். குளியலறை வாசல், பாத்திர அலமாரிக்குப் பின்னால், முற்றத்துச் சுவர். எங்கும் இல்லை. பிறகுதான் விளங்கியது, வீட்டுக்கு இரண்டு மீட்டர். கிடங்குக்கும் மாடிக்கும் ஒன்று, பின்பக்கத்துக்கு வேறொன்று. ஒரு மீட்டர் வயரில் ஓடும் சத்தம் அடுத்த மீட்டருக்குத் தாண்டாது. வீட்டை நெடுகப் பார்த்துக் கட்டியவன், கரண்டைக் குறுக்கே வெட்டிவிட்டுப் போயிருந்தான்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்டெல்லா கீழே இறங்கிவந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, மேலே பெட்டியில் பேசிக்கொண்டே இருக்கும்படி அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தேன் என்றாள். அவள் அதைச் செருகிய இடத்தைப் பார்த்து லூர்து அக்கா "ஐயோ சேசுவே!" என்று அலறினார்.

நடு அறையில் எங்கள் பீடம். சுவரில் இருதய ஆண்டவர் படம். அதன் கீழே அணையாமல் எரியும் சின்னச் சிவப்பு பல்பு. அந்த பல்புக்காக யாரோ ஒரு காலத்தில் மாடியிலிருந்து சுவருக்குள் வயர் இறக்கியிருக்கிறார்கள். கீழே எங்கள் பக்கத்தில் மாடி மீட்டரோடு சேர்ந்த பிளக் அது ஒன்றுதான்.

பெட்டி கரகரத்தது. பிறகு தெளிவாக, பக்கத்தில் நின்று பேசுவதுபோல் இவர் குரல். "...மூணு. நாலு. ஸ்டெல்லா, எவ்வளவு நேரம்டி எண்ணுறது?"

"மம்மி, இங்க க்ளியர் லா! வெரி க்ளியர்!" என்று குதித்தாள் ஸ்டெல்லா.

"பீடத்துல போயி கரகரன்னு ஒரு பெட்டியா? ஆண்டவருக்குக் காது வலிக்காது?" என்றார் அக்கா.

"உங்க தம்பி கூரையிலேருந்து கத்துனப்பவே அவருக்குப் பழகியிருக்கும் அக்கா" என்றேன். வெகு நாளைக்குப் பிறகு அன்று நான் சிரித்தேன்.

மூச்சு

பகலில் மாடிப் பெட்டியின் விசையைப் பேசும் நிலையில் போட்டுவிடுவோம். அவர் எதையும் அமுக்க வேண்டாம். அந்த அறையில் நடப்பதெல்லாம் பீடத்திலிருந்து கேட்கும். அவர் புரண்டு படுப்பது, இருமுவது, பேப்பர் திருப்புவது. எல்லாவற்றுக்கும் அடியில் அவர் மூச்சு.

பயம் போய்விடும் என்று நினைத்துத்தான் அதை வாங்கினேன். நடந்தது வேறு. அதுவரை மாடியில் மட்டும் இருந்த பயம், இப்போது வீடு முழுக்கப் பரவிவிட்டது. வெண்டைக்காய் நறுக்கும் பலகையை எடுத்துக்கொண்டு பீடத்தின் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டேன். மூச்சு இழுத்தால் விடுகிறாரா என்று காத்திருப்பேன். விட்டால் மறுபடி இழுக்கிறாரா என்று காத்திருப்பேன். கத்தி அந்தரத்தில் நிற்கும்.

கிரைண்டர் போடும் நேரம் நரகம். மாவு ஆடும் சத்தத்தில் எதுவும் கேட்காது. ஓடவிட்டு நிறுத்துவேன், முற்றத்தைத் தாண்டி ஓடிவந்து கேட்பேன், மறுபடி போய்ப் போடுவேன். எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்துப் பெட்டியைச் சமையலறைக்கே கொண்டுபோனேன் ஒரு நாள். முற்றத்தில் மழைத்தண்ணீர் நிற்கும். ஈரத்தில் கரண்ட் வயர் கிடக்கிறதே, ஸ்டெல்லா ஸ்கூலிலிருந்து ஓடிவந்து மிதிப்பாளே என்று அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. சுருட்டிப் பரணில் எறிந்தேன்.

ஒரு மத்தியானம் பெட்டியிலிருந்து ஒரு முனகல் வந்தது. ஆண் குரல். நீளமான, வலி தாங்காத முனகல். கை கழுவக்கூட இல்லை. படியில் ஏறினேனா பறந்தேனா என்று தெரியாது. இவர் மூக்குக்கண்ணாடியோடு தமிழ் முரசு படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிலோ? ஏன் இப்படி மூச்சு வாங்குற? உனக்குத்தான் டாக்டர பாக்கணும்."

நான் கீழே வந்தேன். முனகல் இன்னும் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஹொக்கியன் சீனத்தில் ஒரு பெண் குரல், சமாதானம் சொல்வதுபோல். இந்த வரிசையில் வேறு எந்த வீட்டிலோ இதே பெட்டி இருக்கிறது. அங்கேயும் ஒருவர் படுத்திருக்கிறார். அங்கேயும் ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள். எங்கள் வீட்டு மீட்டரையே தாண்டாத சத்தம் அங்கிருந்து எப்படித் தாண்டி வந்ததோ, கரண்ட் வயர் எங்கெங்கோ போய்க் கலக்கிறது போலிருக்கிறது. அந்தக் குரலை அதற்கப்புறம் நாங்கள் கேட்கவே இல்லை. அந்த மனிதர் என்ன ஆனார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த அமைதியும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று

அறைக்குள் அடைந்து கிடந்த அவ்வளவு நாளில் இவர் எதையும் கேட்டதில்லை. கறிக்குழம்பு கேட்கவில்லை, சிகரெட் கேட்கவில்லை. ஒரு நாள் மட்டும் சொன்னார்:

"சாயந்திரம் நீங்க ஜெபமாலை சொல்றது எனக்குக் கேக்க மாட்டேங்குது பிலோ. கல்யாணம் ஆன நாள்லேருந்து சேந்து சொல்லியிருக்கோம். இங்க தனியா படுத்துட்டு மணி உருட்டுறேன். ஒரு மாதிரியா இருக்கு."

எங்கள் வீடுகளில் சாயங்கால ஜெபமாலை என்பது பக்தி மட்டும் இல்லை. அன்றைய சண்டை அதோடு தீரும். யார் வீட்டில் இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும். மணிக்கு ஒரு மங்கள வார்த்தை ஜெபம்; ஒரு ஆள் முதல் பாதியைச் சொல்ல, 'எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்' என்று வரும் அடுத்த பாதியை மற்றவர்கள் சொல்லி முடிப்போம். பத்துக்கு ஒருவர் முறை வைத்து ஐந்து பத்தும் ஓடும். நடுவில் எழுந்து போகக் கூடாது. ஒரு தடவை அடுப்பில் பால் பொங்கியபோதே லூர்து அக்கா என்னை எழுந்திருக்க விடவில்லை.

அதனால் இரண்டு பெட்டிகளின் வேலையையும் மாற்றிப் போட்டோம். சாயங்காலம் ஆனதும் ஸ்டெல்லா மாடிக்குப் போய் அப்பாவின் பெட்டியைக் கேட்கும் நிலைக்கு மாற்றிக் கையில் கொடுத்துவிட்டு வருவாள். கீழே பீடத்துப் பெட்டியைப் பேசும் நிலையில் போடுவாள். நாங்கள் சொல்வது அவருக்குக் கேட்கும். மூன்றாவது பத்து வந்ததும் எழுந்து விசையைத் தள்ளுவாள். அவர் பட்டனை அமுக்கிக்கொண்டு தொடங்குவார். அவருக்கு மூச்சு முட்டும் என்று அவர் பத்தை மட்டும் மெதுவாகச் சொல்வோம்.

முதல் நாள் அவர் குரல் ஆண்டவர் படத்தின் கீழிருந்து வந்தபோது லூர்து அக்கா அழுதுவிட்டார். பெட்டிமேல் இருந்த கோபமெல்லாம் போயிற்று. மறுநாள் பார்த்தால் அதற்கு ஒரு பின்னல் விரிப்பு தைத்துப் போட்டிருந்தார்.

கடைக்காரர் சொன்னது எங்கள் நால்வருக்கும் நன்றாகத் தெரியும். ஒருவர் பேசினால் மற்றவர் கேட்க மட்டும்தான் முடியும். ஆனால் ஜெபம் சொல்லும்போது யாருக்கும் அது தனித்தனியாகப் பேசுவதாகத் தோன்றவில்லை. சேர்ந்து சொல்கிறோம் என்றுதான் நினைத்தோம். நாள் முழுக்க அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்த எனக்கு அந்த நேரம்தான் ஓய்வு. அவர் நம்மோடு இருக்கிறார் என்று கண்ணை மூடிக்கொள்வேன்.

மூன்றாவது பத்து

இனி அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன்.

முதல் பத்தை லூர்து அக்கா சொன்னார். முடித்ததும் வழக்கம்போல் இறந்துபோன உறவினர் ஒவ்வொருவர் பேரையும் சொல்லி, ஆத்துமாக்களுக்காகக் கூடுதலாக வேண்டினார். அன்று அவர் நீட்டிக்கொண்டே போனார். "என் தம்பி அருளப்பன் உடம்பு பூரணமா சொகமாகணும்னு ஒரு மூணு மங்கள வார்த்தை சொல்லுவோம்" என்று அதையும் சேர்த்தார். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லாக. இரண்டாவது பத்து என்னுடையது. அதையும் சொல்லி முடித்தேன். ஸ்டெல்லா எழுந்தாள். விசையைத் தள்ளினாள்.

இரைச்சல்.

"தூங்கிட்டான் போல. நீயே சொல்லு பிலோ, நேரமாகுது."

மூச்சு கேட்க வேண்டும் என்று பெட்டிமேல் காதை வைத்தேன். அவர் பட்டனை அமுக்கினால்தானே எதுவும் கேட்கும் என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவு வரவில்லை. நாள் முழுக்கக் கேட்ட மூச்சு இப்போது இல்லை, அவ்வளவுதான் தெரிந்தது.

"பாதியில எழுந்திரிக்காத பிலோமினா!" என்று அக்கா பின்னாலிருந்து அதட்டினார்.

நான் எழுந்துவிட்டேன். முழங்கால் மரத்துப்போயிருந்தது. படியின் கைப்பிடி மழை ஈரத்தில் பிசுபிசுத்தது. ஏறும்போது மேலே என்ன பார்க்கப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் கால் ஏறிக்கொண்டே இருந்தது. அந்தப் படிகளை இன்றும் கனவில் ஏறுகிறேன். உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததே இல்லை.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்து கிடந்தார். முகம் சாம்பல் நிறம். சட்டை பிழிகிற அளவு வியர்வை. ஒரு கையில் ஜெபமாலை. இன்னொரு கையில் பெட்டி. கட்டைவிரல் பட்டன்மேல் இருந்தது, ஆனால் அமுக்கத் தெம்பில்லை. பெட்டியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கீழே பீடத்துப் பெட்டி இப்போது கேட்கும் நிலையில் நின்றது.

"ஸ்டெல்லா! ஆம்புலன்ஸ்!" என்று நான் போட்ட சத்தத்துக்கு எந்தப் பெட்டியும் தேவைப்படவில்லை. கிடங்கில் கணக்கு முடித்துக்கொண்டிருந்த ஆட்கள் இரண்டு பேர் அதைக் கேட்டு ஓடிவந்தார்கள். குறுகலான படியில் நாற்காலியில் உட்காரவைத்து அவர்கள்தான் இறக்கினார்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி இறங்கினேன். விரல்கள் ஜில்லென்று இருந்தன. வாசலில் ஐந்தடி நடைபாதையில் ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது அவர் கண் திறக்கவில்லை. ஸ்டெல்லா என் புடவையைப் பிடித்துக்கொண்டு "மம்மி, டாடி ஓகேவா? சொல்லுங்க மம்மி" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வார்டில்

பிழைத்தார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு அதை யாரும் முதலிலேயே சொல்லவில்லையே.

தீவிர சிகிச்சையிலிருந்து சாதாரண வார்டுக்கு மாற்றி, பேசலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நீங்க கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேன்." கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். "முதல் பத்து ஆரம்பிச்சவுடனே வலி வந்துச்சு. பட்டனை அமுக்கி, பிலோ, பிலோனு கூப்பிட்டேன். விட்டா நீங்க ஜெபம் சொல்ற சத்தம். திரும்ப அமுக்கினேன். அப்பதான் புரிஞ்சுது, உங்க பெட்டி பேசுற பக்கம் நிக்குது, நான் சொல்றது அங்க வராதுன்னு."

"எழுந்திரிக்கப் பாத்தீங்களா?"

"பாத்தேன். விழுந்துட்டேன். சரின்னு விட்டுட்டேன். மூணாவது பத்து என்னுது இல்ல? ஸ்டெல்லா வந்து சுவிட்ச மாத்துவா. அதுவரைக்கும் தாங்கிட்டாப் போதும்னு உங்களோட சேந்து மணியை உருட்டிட்டு இருந்தேன். ஒவ்வொரு தடவையும் மரண நேரம்னு ஒரு வார்த்தை வருது பாரு, அங்க வந்தா மட்டும் எனக்கு வாய் வரல பிலோ."

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். நாடி ஓடுகிறதா என்று பார்ப்பது எனக்கு அதற்குள் வழக்கமாகிவிட்டிருந்தது.

"பத்து மணிய எண்ணிட்டேன். அடுத்து உன் பத்துன்னு நெனச்சேன்" என்று நிறுத்தி மூச்சு வாங்கினார். "அக்கா செத்தவங்க பேரையெல்லாம் சொல்ல ஆரம்பிச்சாங்க. அதுவும் முடிஞ்சுது. அப்புறம் எனக்காகன்னு மூணு சொன்னாங்க பாரு. அந்த மூணுதான் முடியவே இல்ல. அதுக்கப்புறம் நீ சொன்னது எதுவும் எனக்குக் கேக்கல."

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

வெளியே வராந்தாவில் லூர்து அக்கா உட்கார்ந்திருந்தார். கையில் ஜெபமாலை, உதடு அசைந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணீரோடு என் கையைப் பிடித்து, "பாத்தியா பிலோ, அன்னைக்கு அவனுக்காகத் தனியா மூணு சொன்னோமே, அதுதான் அவனைக் காப்பாத்துச்சு" என்றார்.

"ஆமாக்கா" என்றேன்.

சாகும்வரை அந்தம்மா பங்கில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நானும் இவரும் பக்கத்தில் நின்று தலையாட்டினோம்.